எலிகளுக்குப் பெற்றோல்

அன்று காலை நான் ஒரு கூண்டு நிறைய எலிகளைக் கையால் கொன்றிருந்தேன். இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். பின்னால் நடந்ததைக் கேட்டுவிட்டு "ஐயோ பாவம், பொம்பிளைப் பிள்ளை" என்று எவரும் எனக்காக உச்சுக்கொட்ட வேண்டாம்.

பொரளையில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் எனக்கு வேலை. நாங்கள் வளர்ப்பவை வெள்ளைச் சுண்டெலிகள். உள்ளங்கைக்குள் அடங்கும், மூக்கு ஓயாமல் துடித்துக்கொண்டிருக்கும். டொலர் இல்லாமல் நாடே முடங்கிக் கிடந்த அந்த வருடத்தில் எலிகளுக்குக் கொடுக்கிற மயக்க மருந்தும் தீர்ந்துபோயிருந்தது. அப்படியான வேளையில் எங்கள் தொழிலின் விதிகள் அனுமதிப்பது கையைத்தான். எலியைக் கம்பி வலைமேல் விட்டு வாலை மெல்ல இழுத்தால், அது முன்கால்களால் வலையை இறுகப் பிடித்துக்கொள்ளும். அப்போது மண்டையும் கழுத்தும் சேருகிற இடத்தில் பெருவிரலையும் சுட்டுவிரலையும் வைத்து அழுத்த வேண்டும். மற்றக் கையால் வாலின் அடியைப் பிடித்து ஒரே இழுவை. சரியாகச் செய்தால் உள்ளே ஏதோ விலகுவது விரலுக்குத் தெரியும், அவ்வளவுதான். பிழையாகச் செய்தால் அது கத்தும். அந்தக் கத்தலைக் கேட்டவர்கள் அன்று மத்தியானம் சாப்பிட மாட்டார்கள்.

என் கையில் எலி கத்தியதில்லை. அதனால் இந்த வேலை வந்தால் எல்லோரும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். படிச்சுப் பட்டம் வாங்கி நான் எடுத்த நல்ல பெயர் இதுதான், போங்கள்.

ஒவ்வொன்றின் நெஞ்சிலும் ஊசியை ஏற்றி, இதயம் அடங்குவதற்குள் ரத்தத்தை இழுத்து எடுத்தேன். இயந்திரத்தில் சுழலவிட்டு, மேலே தெளிகிற மஞ்சள் சீரத்தைச் சின்னக் குழாய்களில் சேர்த்தேன். கையுறையைக் கழற்றிக் குப்பையில் எறிந்தபோது எனக்குள் ஏதோ திமிறிக்கொண்டு வந்தது. எங்கள் கூடத்துக்குப் பொறுப்பான மேடத்திடம் நேரே போனேன். அவர் சிங்களப் பெண்மணி. எங்கள் கதை பாதி ஆங்கிலம், பாதி சிங்களம்.

"மேடம், இதுதான் கடைசி. இனி என்னைக் கூப்பிட வேண்டாம்" என்றேன்.

அவர் ராக்கைத் தட்டில் இருந்த இரண்டாவது கூண்டைத் திரும்பிப் பார்த்தார். முதல் கூண்டின் ரத்தம் ஏதாவது வழியில் பழுதானால் உதவும் என்று ஒதுக்கி வைத்த எலிகள் அவை. அதே வயது, அதே தாய்மாரின் குட்டிகள். "இந்தக் குழாய்கள் பத்திரமாக இருந்தால் அதுகளைத் தொடவே தேவையில்லை" என்றார். நான் அந்தச் சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். குழாய்கள் பிழைத்தால் கூண்டு பிழைக்கும். எனக்கு அன்று வேறு எந்தக் கணக்கும் கிடையாது.

குழாய்களைச் சோதிக்க எங்களிடம் ஒரு கிட் இருந்தது. கேட்டு, கெஞ்சி, சண்டைபோட்டு, மாதக்கணக்காகக் காத்திருந்து வந்து சேர்ந்த ஒரே ஒரு பெட்டி. உடம்புக்குள் நோய் புகுந்தால் செல்லுக்குச் செல் செய்தி சொல்லி ஆட்களைச் சண்டைக்குக் கிளப்புகிற புரதங்கள் இருக்கின்றன, சைட்டோகைன் என்போம். அவற்றில் சில தனியே திரியா. தன்னை ஏற்கும் இன்னொரு புரதத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சோடியாகத்தான் ரத்தத்தில் அலையும். நாங்கள் அளக்க வேண்டியது அந்தச் சோடியை. கிட்டில் குழி குழியாக ஒரு பிளாஸ்ரிக் தட்டு இருக்கும். குழியின் அடியில் ஒட்டியிருப்பது சோடியில் ஒருவரைப் பிடித்து வைக்கும், பிறகு நாங்கள் ஊற்றுவது மற்றவரைப் பிடிக்கும். இருவரும் சேர்ந்து அகப்பட்டால்தான் நிறம் வரும். ரத்தம் வெயிலில் கிடந்தால் சோடி குலைந்துவிடும், பிறகு எதை அளப்பது? மனிதருக்கு ஒரு கிட், எலிக்கு வேறு கிட். மாறிப்போகாமல் இருப்பதற்காக எங்களுடையதன் பெட்டியில் ஆங்கிலத்தில் மவுஸ் என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தார்கள்.

தட்டில் ஊற்றிச் சோதித்து முடிக்க ஒரு முழுநாள் தடையில்லாத கரண்ட் வேண்டும். அன்றைக்கென்று பார்த்து கரண்ட் வெட்டை நீட்டிவிட்டார்கள். எங்கள் ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. ஃப்ரீஸரின் கதவோரம் தண்ணீர் வடியத் தொடங்கியது. வெள்ளவத்தையில் நான் இருக்கிற ஃபிளாட்டில் ஜெனரேட்டர் இருந்தது, அதற்கு டீசலும் எப்படியோ பிடித்து வைத்திருந்தார்கள். மேடத்தின் கார் பெற்றோல் இல்லாமல் வீட்டில் நின்றது. "நீ கொண்டுபோய் உன் ஃப்ரிட்ஜில் வை" என்றார்.

மீன்காரர்கள் வைத்திருக்கும் வெள்ளை ரெஜிபோம் பெட்டி ஒன்றை எடுத்தேன். அடியில் ஐஸ் பைகள், அதன்மேல் குழாய்கள். கிட் உறைந்துபோகக் கூடாது என்பதால் அதைத் தடித்த துவாய் ஒன்றில் சுற்றி மேலே வைத்தேன். மூடியைச் சுற்றி டேப் ஒட்டினேன். பிறகு எனக்குப் பழக்கமான ஓட்டோ அண்ணைக்கு அழைப்பெடுத்தேன்.

அவருக்குச் சொந்த ஊர் ஹட்டன் பக்கம், இப்போது இருப்பது கொட்டாஞ்சேனையில். வருடக்கணக்காக என்னை ஏற்றி இறக்குகிறவர். நான் என்ன வேலை செய்கிறேன் என்று அவருக்கு அரைகுறையாகத் தெரியும், என்னை "எலி டாக்டர்" என்று பகிடி பண்ணுவார்.

"பெற்றோல் இருக்கோ அண்ணை?" என்று ஏறும்போதே கேட்டேன்.

"வெள்ளவத்த போய்த் திரும்புறதுக்குக் காணுங்க மிஸ். அதுக்கப்புறம் வண்டிய மூடிட்டுப் படுக்க வேண்டியதுதான். மூணு நாளா லைன்ல நின்னும் கெடைக்கல."

"எங்கேயும் நிக்காமல் விடுங்கோ. ஐஸ் உருகினால் என்ர சீவன் போயிடும்."

பெட்டியை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். கிருலப்பனை தாண்டி பாமன்கடைக்கு வரும்வரை ஒரு பிரச்சினையும் இல்லை. இன்னும் கொஞ்சத் தூரம் போனால் என் வீடு. அப்போதுதான் அந்தப் பெற்றோல் ஷெட்டுக்குள் எண்ணெய் கொண்டுவரும் பவுசர் லொறி ஒன்று திரும்பிக்கொண்டிருந்ததை அண்ணை கண்டார்.

மனுசன் அப்படியே பிரேக் போட்டார். ஷெட்டுக்கு வெளியே ஓட்டோக்களும் மோட்டார் சைக்கிள்களும் கண்ணுக்கெட்டிய தூரம் நின்றன. ஆட்கள் தெருவோரத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். அண்ணை என்னையும் பார்த்தார், மடியில் இருந்த பெட்டியையும் பார்த்தார். நான் வாய் திறப்பதற்குள் ஹேண்டிலை வெட்டி, வரிசைக்கு முன்னால் கொண்டுபோய் நுழைத்துவிட்டார்.

"அண்ணை! உங்களுக்கென்ன விசரே?"

"சும்மா இருங்க மிஸ். ஆஸ்பத்திரிக்காரங்களுக்கு முன்னுக்குக் குடுக்குறாங்க. ரெண்டு லீட்டர் ஊத்திட்டு ஓடிருவோம்."

முன்னால் நின்றவர்கள் எழும்பி வந்து ஓட்டோவை மறித்தார்கள். அண்ணை தலையை வெளியே நீட்டி, "லெடெக்குட்ட பெஹெத்" என்று கத்தினார். நோயாளிக்கு மருந்தாம். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. வாய்க்கு வந்தபடி ஒரு பொய், அதையும் என் மடியில் இருக்கிற பெட்டியைக் காட்டி! நான் இறங்கி நடந்தே போய்விடுவோம் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு மற்றப் பக்கத்தால் இறங்கினேன்.

அதுதான் வினையானது. பெட்டியோடு ஓடப் பார்க்கிறாள் என்று நினைத்தார்கள். ஒரு நிமிடத்துக்குள் என்னைச் சுற்றி ஆள்மதில். உள்ளே என்ன, பெற்றோல் பதுக்குகிறாயா, பெட்டியைத் திற என்று ஆளுக்கு ஆள் சிங்களத்தில் கத்தினார்கள்.

"திறக்க ஏலாது" என்று நானும் சிங்களத்தில் சொன்னேன். "திறந்தால் பழுதாகிவிடும்."

என் சிங்களத்தில் தமிழ் வாடை அடிக்கும், எவ்வளவு மறைத்தாலும் அடிக்கும். அந்த இடம் சட்டென்று அமைதியானது. முன்வரிசையில் நின்ற இருவர் பின்னால் நகர்ந்தார்கள். அவர்களுடைய கண், உள்ளே குண்டோ என்ற பயத்தில், பெட்டியில் ஒட்டியிருந்த டேப்பில் நின்றது. இந்த ஊரில் நான் பிள்ளையாக இருந்த காலம் முழுக்கச் செக்பொயின்டில் பையைத் திறந்து காட்டியே வளர்ந்தவள். கேட்பதற்கு முன்னால் சிப்பை இழுத்துவிடுவேன். சாப்பாட்டுப் பெட்டியைக்கூடத் திறந்து காட்டியிருக்கிறேன். திறக்க ஏலாது என்று நான் என் வாழ்க்கையில் சொன்னது அன்று ஒரு தரம்தான். அதுவும் யாருக்காக? கூண்டுக்குள் வாலைச் சுருட்டிக்கொண்டு தூங்கும் எலிகளுக்காக.

பின்னாலிருந்து ஒருவன் வந்து பெட்டியைப் பறித்தான். நான் விடவில்லை. இழுபறியில் மூடி பிய்ந்தது. துவாய் மூட்டையை இன்னொருவன் உருவி எடுத்து அவிழ்த்தான். உள்ளே கிட். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். ஆங்கிலம் தெரிந்த ஒருவர் கிட்டின் பக்கத்தில் இருந்ததை உரக்க வாசித்தார்: "மவுஸ்."

முதலில் சிரித்தார்கள். சத்தியமாகச் சிரித்தார்கள், பயம் போன சிரிப்பு. நானும் கூடச் சிரித்திருப்பேன், தப்பியிருப்போம். ஆனால் ஹெல்மட்டைக் கையில் வைத்திருந்த ஒல்லியான ஆள் ஒருவன் சிரிக்கவில்லை. அவன் அண்ணையைப் பார்த்துக் கேட்டான்:

"மீயன்டத பெட்ரல்?"

எலிகளுக்கா பெற்றோல்? அவ்வளவுதான் கேள்வி. நோயாளிக்கு மருந்து என்றாயே, இங்கே எங்கள் பிள்ளைகளுக்கு மருந்து இல்லை, அடுப்புக்குக் காஸ் இல்லை, இரண்டு நாளாய் நாங்கள் வெயிலில் கிடக்கிறோம், நீ எலிகளுக்குப் பெற்றோல் அடிக்க வந்தாயா என்று அவன் கத்தக் கத்த அந்தச் சிரிப்பெல்லாம் வேறாக மாறியது. யாரோ "பொருகாரயா" என்றார்கள், பொய்க்காரன். அண்ணை கையெடுத்துக் கும்பிட்டபடி ஏதோ சொல்ல வாய் திறந்தார். ஹெல்மட் அவருடைய நெற்றியில் இறங்கியது.

அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. நெற்றித் தோல் பிளந்து ரத்தம் கண்ணுக்குள் வழிந்தது. அவரைச் சேர்ட்டில் பிடித்து இழுத்து வெளியே போட்டார்கள். விழுந்தவரை உதைத்தார்கள். செருப்புக் கால், சப்பாத்துக் கால், வெறுங்கால். ஒருவன் கல்லால் ஓட்டோவின் கண்ணாடியை அடித்து நொறுக்கினான். அடித்தவர்களில் பாதிப் பேருக்கு எதற்காக அடிக்கிறோம் என்றே தெரியாது. பின்னாலிருந்து ஓடிவந்தவன் அடித்துவிட்டுத்தான் பக்கத்தில் நின்றவனிடம் என்ன விஷயம் என்று கேட்டான்.

பெட்டி என் கையிலிருந்து எப்போது போனது என்று எனக்குத் தெரியாது. ஐஸ் பைகள் தாரில் சறுக்கிக்கொண்டு போனதைக் கண்டேன். குழாய்கள் சிதறின. அவற்றின்மேல் கால்கள் ஏறின. காலையில் கொன்றதெல்லாம் அங்கே மிதிபட்டு நொறுங்கியது. எனக்குக் கண் இருட்டிவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அண்ணைக்காகவா குழாய்களுக்காகவா நான் உள்ளே பாய்ந்தேன் என்று இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

அகப்பட்ட தலைமயிரைப் பிடித்து இழுத்தேன். ஒரு கையைக் கடித்தேன், உப்புக் கரித்தது. யாருடைய முழங்கையோ என் வாயில் இடித்து உதடு கிழிந்தது. ஹெல்மட்காரன் அண்ணைமேல் குனிந்து இரண்டாம் தரம் ஓங்கினான். அவனுடைய முதுகு எனக்கு முன்னால் இருந்தது. பின்னாலிருந்து அவன் கழுத்தைப் பிடித்தேன்.

என் கை தானாகவே இடத்தைக் கண்டுபிடித்தது. மண்டையும் கழுத்தும் சேருகிற இடம். பெருவிரல் ஒரு பக்கம், சுட்டுவிரல் மறுபக்கம். அழுத்தினேன். ஹெல்மட் அவன் கையிலிருந்து விழுந்தது. அவன் முன்னால் சாய்ந்து ஓட்டோவின் கம்பியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டான். காலையில் எலிகள் வலையைப் பிடித்த அதே பிடி. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று என் மற்றக் கைக்குத் தெரிந்திருந்தது. அது அவனுடைய இடுப்புப் பட்டியைப் பிடித்தும்விட்டது. மனிதக் கழுத்து அப்படி விலகாது என்று படித்தவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அந்தக் கணத்தில் நான் படித்தவள் இல்லை. அவனைக் கொல்லத்தான் பிடித்தேன். வேறு எதற்கும் பிடிக்கவில்லை.

அவன் கழுத்து வியர்வையில் நனைந்திருந்தது. எலும்பு விரலில் தட்டுப்பட்டது. சாப்பாடு கண்டு நாளான உடம்பு. மணிக்கட்டில் பௌத்த பன்சலையில் கட்டிய வெள்ளை நூல் அழுக்காகிக் கிடந்தது. அவன் திரும்ப முடியாமல், கம்பியைப் பார்த்தபடியே மெல்லச் சொன்னான்:

"அனே, நங்கி."

ஐயோ, தங்கச்சி. அவன் என்னைத் தங்கச்சி என்றான். இவ்வளவு நேரமும் அவர்களுக்கு நான் தமிழிச்சி, பொய்க்காரி, பெட்டிக்காரி. நான் கையை எடுத்துவிட்டேன். அவன் கழுத்தைத் தடவிக்கொண்டு, என்னைப் பார்க்காமல், கூட்டத்துக்குள் போய்விட்டான். பொலிஸ்காரர் ஒருவர் விசில் ஊதிக்கொண்டு வந்தார். பவுசரில் இருந்து பெற்றோல் இறங்கத் தொடங்கிவிட்டது என்று யாரோ கத்தினார்கள். வந்த கூட்டம் வந்த வேகத்திலேயே வரிசைக்கு ஓடியது. இடத்தை விட்டுவிடக் கூடாதே!

அண்ணை தெருவில் உட்கார்ந்திருந்தார். உருகாத ஐஸ் பை ஒன்றைப் பொறுக்கி அவருடைய நெற்றியில் வைத்து அழுத்தினேன். கிட்டைச் சுற்றியிருந்த துவாயால் கட்டினேன். கிட் மட்டும் ஒரு கீறல்கூட இல்லாமல் ஓரமாகக் கிடந்தது. போத்தல் ஒன்றும் உடையவில்லை, தட்டின் உறை கிழியவில்லை. அதைப் பார்த்து எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. நீ உடைந்திருக்கக் கூடாதா, சனியனே? நீ உடைந்திருந்தால் ரத்தமும் தேவையில்லை, கூண்டும் தேவையில்லை, எல்லாரும் பேசாமல் வீட்டுக்குப் போயிருக்கலாம்.

கிட்டைத் தூக்கிக்கொண்டு, அண்ணையை இன்னோர் ஓட்டோவில் ஏற்றி, ஆஸ்பத்திரிக்குப் போனேன். தையல் போடுவதற்காகக் காத்திருந்தபோது அவர் வீங்கிய கண்ணால் என்னைப் பார்த்தார்.

"மருந்துன்னு நான் சொன்னது பொய்யா மிஸ்?"

"பொய்தான். அது மருந்தில்லை. எலியின்ர ரத்தத்தில ஒரு சாமானை அளக்கிறது. என்றைக்கோ ஒருநாள் அதால மருந்து வரலாம்."

"அப்ப அவங்க கேட்டது ஞாயந்தானே" என்றார்.

"கண்டறியாத ஞாயம்! மண்டையை உடைச்சவங்களுக்கு ஞாயம் கதைக்கிறீங்களோ?" என்று அந்த வார்ட்டே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். அவர் சிரிக்கப் பார்த்து, வலியில் முகத்தைச் சுளித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆத்திரத்திலும் அழுகை வரும், அது அந்த வகை.

கரண்ட் சீரானதும் மேடம் என்னைக் கூப்பிட்டார். கிட் என் ஃப்ரிட்ஜில் பத்திரமாக இருந்தது, ஆனால் அதன் காலாவதி நெருங்கிக்கொண்டிருந்தது. இன்னொன்று வருமென்று எவரும் சொல்லவில்லை. மேடம் என்னைக் கட்டாயப்படுத்தவே இல்லை. "நீ செய்ய வேண்டாம், புதிதாக வந்த பிள்ளை பழகியிருக்கிறாள், அவள் செய்வாள்" என்றார். அந்தப் பிள்ளையின் கையை நான் பார்த்திருக்கிறேன், நடுங்கும் கை. அவள் கையில் எலி கத்தும். ஒன்றல்ல, கூண்டு முழுக்கக் கத்தும்.

"தள்ளுங்கோ, நானே செய்யிறன்" என்றேன்.

விலங்கறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். இரண்டாவது கூண்டைத் திறந்ததும் அதுகள் மூக்கைத் துடித்துக்கொண்டு என் விரலை மோப்பம் பிடிக்க வந்தன. முதலாவதைத் தூக்கி வலையில் விட்டேன். அது முன்கால்களால் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டது. கழுத்தில் விரல்களை வைத்தேன். பாமன்கடையில் வைத்த அதே இடம். அது அப்படியே அசையாமல் நின்றது.

நான் கொஞ்சம் பொறுத்தேன். எதற்காகப் பொறுக்கிறேன் என்று எனக்குத் தெரிந்திருந்தது. ஆனால் எலிக்கு நங்கி என்று சொல்லத் தெரியாது. சொல்லத் தெரிந்தவன் இப்போது எங்கேயோ ஒரு வரிசையில் உயிரோடு நின்றுகொண்டிருப்பான்.

மற்றக் கையால் வாலைப் பிடித்து இழுத்தேன். அது கத்தவில்லை.